பற்று

கோலக்கெட்டிலில்
சைக்கிள் கடைக்கு மேல்மாடி.
படிக்கட்டில் ஏழாவது பலகை முனகும்.
மாற்றலாமே என்றால் தையல்நாயகி விடமாட்டாள்:
"யாரு வர்றான்னு அது சொல்லுது.
நீ ஏன் அது வாய அடைக்கிற?"

மேல் டிவிஷன் ஆபீசில்
பெட்டி உடைந்த பழி என்மேல் விழுந்து
வேலை போன வருஷம்,
மாதம் முப்பது வெள்ளிக்கு
அவளிடம் கணக்கெழுதப் போனேன்.

ஆண்களுக்குப் பேர் கிடையாது.
பால்வெட்டுக்காரனுக்கு ஒரு கோடு,
தண்டலுக்கு இரண்டு,
கிராணிக்குக் கொக்கி.
துரையின் டிரைவர் வந்துபோன நாளுக்கு
வரியே கிடையாது.
மாத்தா-மாத்தாவுக்கு மாதாமாதம் கொடுப்பது
'கூரை ஒழுகல்' என்று ஏறும்.
மழையில்லாத மாசியிலும்
அந்தக் கூரை ஒழுகியது.

எழுத்து தெரியாதவள்.
பால் டின்னில் தீக்குச்சி போட்டு வைப்பாள்.
ஒருமுறை நான் இரண்டு வெள்ளி அமுக்கினேன்.
டின்னை மேசைமேல் கவிழ்த்தாள்.
எண்ணவில்லை.
என்னைப் பார்த்துக்கொண்டே
வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினாள்.

அஞ்சடியில் அவள் நடந்தால்
கடைக்காரர் மனைவிகள் எதிர்ப்பக்கம் போவார்கள்.
இருட்டியதும் பின்சந்தில்
அதே கைகள், முந்தானைக்குள் வளையலோடு.
மூன்று வட்டி. அவர்களுக்கும் பேர் இல்லை.

சம்பளச் சனிக்கிழமை
கள்ளுக்கடை மூடியதும் செருப்புகள் ஏறும்.
ஒட்டுப்பால் நாறுகிறவன்
கீழே பைப்படியில் குளித்துவிட்டுத்தான் வரவேண்டும்.
ஊரடங்கு வந்த வருஷம்
ஏறியவன் விடியாமல் இறங்க முடியாது;
இராத்தங்கலுக்கு அரை வெள்ளி கூட்டினாள்.
முள்கம்பிக்கு இந்தப் பக்கத்தானுக்கும்
காட்டுப் பக்கத்தானுக்கும்
ஒரே விலை, ஒரே பாய்.

குஞ்சரம்
கங்காணியின் கடன்சீட்டோடு வந்தவள்.
நூற்றிருபது வெள்ளிக்கு அந்தச் சீட்டை
இவள் வாங்கினாள்.
புறங்கையில் வெட்டுக்கத்தித் தழும்பு.
பவுடருக்கு, ஊசிக்கு, ஒரு ஜப்பான் சேலைக்கு
வளர்ந்தது அவள் பற்று,
பால்மரத்துப் பட்டை மாதிரி
சீவச் சீவ மூடிக்கொண்டு.

ஐப்பசியில் செத்துப்போனாள்.
காய்ச்சல் என்று டிரஸ்ஸர் எழுதினார்.
கட்டிலடியில் இருந்த வாளியை
நான் பார்த்தேன்.
எழுதவில்லை.

லாரிக்குப் பதினைந்து, பெட்டிக்கு இருபது,
குழிவெட்டிக்கு ஐந்தும் ஒரு போத்தலும்.
எல்லாம் அவள் பேரிலேயே ஏறியது.
மொத்தம் நூற்று நாற்பத்தேழு.

"அடிச்சிரட்டுமா?" என்றேன், பேனாவை எடுத்து.

"அடிச்சா?
பொறந்த சீட்டு கிடையாது.
ஐ.சி.ய அந்தக் கங்காணி திருப்பியே தரல.
கல்லு வைக்கலாம்னா கமிட்டி விடாது.
அவ பேரு
வேற எங்கடா இருக்கு?"

தலை குனிந்திருந்தேன்.
நிமிர்வதற்குள் சொன்னாள்:
"நூத்துக்கு ஒண்ணு.
மாசாமாசம் வட்டி சேர்த்துக்க."

நாலு வருஷம் சேர்த்தேன்.
இரண்டு நோட்டு மாறியது.
ஒவ்வொரு புது நோட்டிலும்
பிள்ளையார் சுழிக்குக் கீழே
முதலில் அவளைத்தான் ஏற்றச் சொல்வாள்;
ஏற்றியதும் வாசிக்கச் சொல்வாள்,
பேரை மட்டும்.

அல்லூர்ஸ்டாருக்கு நான் கிளம்பிய அன்று
குஞ்சரம் தரவேண்டியது
இருநூற்றுப் பதினேழு வெள்ளி
ஐம்பத்தாறு காசு.