சதுர அடி நாற்பத்தைந்து ரூபாய்

கிச்சிப்பாளையம் தண்ணீர்த் தொட்டி.
அதன் கீழே பம்ப் அறைச் சுவர்,
நீளம் முப்பத்தெட்டடி, உயரம் ஒன்பது.
நடுவில் ஒரு மின்பெட்டி,
அந்த இடத்தைக் கழிக்கச் சொன்னார்கள்.
கழித்தேன்.

மாநகராட்சி ஒப்புதல் தந்த வரைபடத்தில்
ஒரு மயில், ஒரு குடம், இரண்டு டால்பின்.
சேலத்துக்கு எதற்கு டால்பின் என்று
உதவிப் பொறியாளரிடம் கேட்கவில்லை.
அட்வான்ஸ் இன்னும் வரவில்லை.

கும்பகோணத்தில் நான்கு வருடம்
பிளாஸ்டர் தலைகளின் மூக்கைக் கரியில் வரைந்தவள் நான்.
நிழல் எங்கே முடிகிறது
கன்னம் எங்கே தொடங்குகிறது என்று
ஒரே ஸ்டூலில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பேன்.
ஒரு தெருவிடம் போய்
உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பதற்கு
எந்த செமஸ்டரிலும் தாள் இல்லை.

முதல் நாள் கேட்டதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.
ஓட்டுக்கு வந்தவளா, வட்டிக்கு வந்தவளா
என்று பார்த்தபடி கடந்தார்கள்.
இரண்டாம் நாள் ஏணி பிடிக்கக் கபிலேஷ் வந்தான்,
ஏழாம் வகுப்பு, காய்ச்சல் என்று லீவு.
டால்பினுக்குச் செதில் போடுங்கக்கா என்றான்.
போட்டேன்.

மூன்றாம் நாள்
கொலுசுப் பட்டறையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்த பாவாயி
பற்றவைத்துப் பற்றவைத்துக் கரிந்த விரல்நுனியால்
ஈரச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"மீனு இருந்துட்டுப் போகுது கண்ணு.
தண்ணி என்னைக்கு வருதுன்னு எழுது."

அவ்வளவுதான்,
தெரு முழுக்கப் பேச ஆரம்பித்துவிட்டது.
போன தடவை ராத்திரி ரெண்டரைக்கு விட்டாங்க என்றார் மும்தாஜ்.
ரெண்டே கால் என்றது எதிர்வீடு.
முதல் தெருவுக்கு மட்டும் இருபது நிமிஷம் கூடவாம்,
பம்ப் ஆபரேட்டர் செங்கோடன்
நோட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்து
இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தார்.
யாரும் நம்பவில்லை.

டால்பினின் வயிற்றுக்குக் கீழே
எட்டடிக்கு ஆறடி கரும்பலகை பெயிண்ட்.
குறுக்கே நான்கு தெரு, நெடுக்கே முப்பத்தொரு நாள்.
ஆணியில் ஒரு சாக்பீஸ் டப்பா.
இதை ஓவியம் என்று சொல்ல எனக்கே கூச்சம்.
இரவு, சென்னையில் கண்காட்சி வைத்திருக்கும்
இமானுவேலுக்குப் போட்டோ அனுப்பினேன்.
டால்பின் சூப்பர் என்று பதில் வந்தது.

பன்னிரண்டாம் நாள் பொறியாளர் அளவெடுக்க வந்தார்.
ஒப்புதலில் இல்லாத கட்டம், அழிச்சிருங்க மேடம்.
சொல்லிக்கொண்டே வாசித்தார்.
முதல் தெரு மூன்று கோடு,
இரண்டாம் தெரு மூன்று, மூன்றாம் தெரு இரண்டு.
நான்காம் தெருவுக்கு நேரே
பதினோரு கட்டமும் கறுப்பாகவே இருந்தன.
கொஞ்ச நேரம் நின்றார்.
வால்வு எங்கய்யா இருக்கு என்று செங்கோடனைக் கேட்டார்.
அதற்குப் பிறகு அழிக்கச் சொல்லவில்லை.

ஆனால் பில்லில்
அந்த நாற்பத்தெட்டுச் சதுர அடியை
மின்பெட்டியோடு சேர்த்துக் கழித்துவிட்டார்.
இரண்டாயிரத்து நூற்று அறுபது ரூபாய்.
மயிலுக்குக் காசு உண்டு. குடத்துக்கு உண்டு.
செதில் போட்ட டால்பினுக்குக்கூட உண்டு.
வவுச்சரில் என் வேலையின் வகை:
சில்லறைப் பராமரிப்பு.

கையெழுத்துப் போட்டுவிட்டு
பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டியை நிறுத்தி
இரண்டு தட்டுவடை செட் சாப்பிட்டேன்,
கார சட்னி கூடுதலாகக் கேட்டு.
சனி ஞாயிறு அஸ்தம்பட்டி அபார்ட்மெண்டில்
பிள்ளைகளுக்கு வாட்டர்கலர் சொல்லிக்கொடுப்பது
பெட்ரோலுக்கு ஆகிறது.
வாடகைக்கு இன்னும் ஒரு சுவர் வேண்டும்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன்.
மயிலின் கழுத்தில் ஆணி அடித்து
யாரோ கொடி கட்டி, பாவாடை காய்கிறது.
சாக்பீஸ் தீர்ந்துபோய்
செங்கல் துண்டால் கோடு போடுகிறார்கள்.
நான்காம் தெருவில் ஒரே ஒரு கோடு,
பக்கத்துக் கட்டத்துக்குள்ளும் புகுந்து நிற்கிறது.

அடுத்தது கருப்பூர், பள்ளிக்கூடச் சுவர்.
மேக்னசைட் தூசு படிந்து
எந்த நிறமும் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும் என்று
தலைமையாசிரியை முன்கூட்டியே சொல்லிவிட்டார்.
ஒப்புதல் வரைபடம் நேற்று வந்தது.
அதில் ஒரு கப்பல் இருக்கிறது.