மூன்றாம் முறை

கட்டைவிரல் தடிமன்.
உள்ளே வெள்ளி பூசிய செம்பு.
தரையில் பட்டால் ஓசை கலங்குமாம்,
பீங்கான் முட்டுகளில் ஏற்றிப் படுக்கவைத்தான் ஒஸ்மோ.
நூறு மணி நேரம் ஓடினால்தான்
கேபிள் பழகும் என்று
பகலெல்லாம் ஆளில்லாத கூடத்தில்
ஒரு செல்லோ தனக்குத்தானே வாசித்தது.

விலை கேட்டேன்.
பாதியைச் சொன்னான்.
மீதி முகத்தில் இருந்தது.

ஐந்தாம் நாள் இரவு
குளிர்பெட்டி உறுமுகிறதென்று அணைத்தான்.
சால்மன் துண்டுகளைப் பால்கனியில் வைத்தேன்,
டாம்பரேயின் மைனஸ் பதினெட்டை நம்பி.

அவன் நட்டநடுவில், அளந்து போட்ட சோபாவில்.
நான் இடப்பக்கச் சுவரோரம்
சாப்பாட்டு மேசை நாற்காலியில்,
இந்த வருஷமாவது மாற்றுவதாக இருந்தோமே
அதில்.

நான்காம் நிமிடம் கையை உயர்த்தினான்.
"கேட்டாயா? இடப்பக்கம், வில்லுக்குப் பின்னால்,
யாரோ நாற்காலியில் அசைகிறார்கள்!
முப்பது வருஷமாக இந்தத் தட்டுக்குள்
இப்படி ஒருவர் இருந்திருக்கிறார்."

இங்கே வந்து கேள் என்றான்.
எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன்.
ஊசியைத் தூக்கி வைத்தான்.
அந்த இடம் வந்தது.
செல்லோ மட்டும் கடந்து போனது.

மண்டியிட்டுக் கம்பி முனைகளை இறுக்கினான்.
ஒவ்வொன்றாக.
பின்கழுத்து நரைமுடி
வியர்வையில் ஒட்டியிருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன்,
சத்தமில்லாமல்.
மூன்றாம் முறை.
விநாடிகளை எண்ணியபடி இருந்து
வில் கீழே இறங்கும்போது
கொஞ்சம்,
கொஞ்சமே கொஞ்சம்
சாய்ந்தேன்.