நூற்றுக்கு இரண்டு

கஜியாடோவுக்குத் தெற்கே
தகரக் கொட்டகையில் எங்கள் ஆய்வுக்கூடம்.
நான்கு நாள் நீரில் கிடந்த மண்ணை
உருளையோடு வெளியே எடுக்கிறாள் நாசியேகு.
எண்ணெயில் போட்ட மண்டாசி மாதிரி
விளிம்பு தாண்டி உப்பியிருக்கிறது.

கரிசல்.
கோடையில் கன்றின் கால் சிக்கப் பிளக்கும்.
மழையில் செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும்.
இன்று அதைக் கேள்வி கேட்க
ஓர் இரும்பு விரல் இறங்குகிறது,
நிமிடத்துக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர்.
முள்ளை நான் படிக்க, அவள் எழுதுகிறாள்.

நொறுக்கிய கல் நூறு வாங்கும் தேர்வில்
இந்த மண் வாங்கியது இரண்டு.
"மறுபடி பார்" என்றார் முட்டிசோ.
மறுபடியும் இரண்டு.

சாலையோரம் எண்ணிய பையன்களின் தாள்:
மடாட்டு, பால்வண்டி, தண்ணீர் சுமந்த கழுதைகள்,
சல்லி லாரி ஒன்பது.
"எடைமேடையில் விளக்கணைந்த பிறகு
யார் எண்ணினார்கள்?"
கேட்டது நாசியேகுதான்.

அன்றிரவு போர்வைக்குள் நாங்கள் இருவர்,
ஒரு பிளாஸ்க் தேநீர்.
ஒரு மணிக்கு மேல் வரத் தொடங்கின,
முகப்பு விளக்கை அணைத்துக்கொண்டு
சிமெண்டு பாரத்தில் டயர் பிதுங்க.
லாரியை விட்டுவிட்டு அச்சுகளை எண்ணினோம்.
விடியும்வரை நூற்றுப் பதினேழு.

இருமடங்கு பாரம்
சாலையை இருமடங்கு நோகடிப்பதில்லை.
பதினாறு மடங்கு.

முட்டிசோ பேனாவை மூடினார், திறந்தார்.
தார், சல்லி, சரளை,
அதற்கடியில் தோண்டி அகற்ற வேண்டிய
இரண்டடிக் கரிசல்.
ஒவ்வோர் அடுக்கும் மேலிருந்து வந்ததைக்
கொஞ்சம் வளைந்து வாங்கி, கொஞ்சம் பரப்பி,
கீழே கைமாற்ற வேண்டும்,
இழவுச் சேதியை நாலு வாய் மாற்றி
மெல்லச் சொல்வதுபோல.
மண்ணை எட்டும்போது
அது தாங்கும் அளவுக்கு இருந்தால் போதும்.

பணத்தை அப்படிப் பரப்ப முடியவில்லை.
தடிமன் கூடியது, நீளம் குறைந்தது.
இருபத்திரண்டு கிலோமீட்டர்
வரைபடத்தில் பதினேழாயிற்று.
விடுபட்ட ஐந்தில்
ஆட்டுச்சந்தை இருக்கிறது, மருந்தகம் இருக்கிறது,
நாசியேகுவின் அக்கா இருக்கிறாள்,
ஏழு மாதம்.

"மூன்று என்று எழுதியிருக்கலாமோ?" என்றேன்.
உருளையைக் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை.
"இருபத்திரண்டும் போட்டிருப்பார்கள்.
இரண்டாவது மழைக்குள்
ஒன்றும் இருந்திருக்காது."

ஈரக் கையைத் துடைத்துவிட்டு
நகக்கண்ணில் கரிசலோடு
தாளில் ஒப்பமிட்டாள்.

அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை.
யார் வாய்வழியாக, எத்தனை பேரைத் தாண்டி என்று
யோசித்துக்கொண்டிருக்கிறாளாம்.