வெறும் ஏனத்தின் எடை

முதலில் வெறும் ஏனத்தை வைக்க வேண்டும்.
எண் கொஞ்சம் நடுங்கி நிற்கும்.
அதை மூடியில் எழுதிவிட்டு
அப்புறம்தான் பருப்பு, எண்ணெய், சோப்புத்தூள்.

சமாதானபுரம் முக்கில்
எட்டுக்குப் பத்தடியில் கடை.
கவர் கிடையாது என்று
பலகையில் எழுதியது போதவில்லை,
வாயாலும் சொல்ல வேண்டியிருந்தது
நாளைக்கு நாற்பது தடவை.
"கவரு இல்லாம என்னத்துக்குக் கட தொறந்திய?"
கேட்டுவிட்டு நகர்ந்தவர்களின்
முதுகைப் பார்த்தே
முதல் சித்திரை போயிற்று.

சேர்மத்துரை அண்ணன்தான்
ஆட்டோவை ஓரங்கட்டி
அக்கம்பக்கம் பார்த்துவிட்டு
இடுப்பிலிருந்து குவார்ட்டர் பாட்டிலை எடுத்தார்.
"மூணு தடவ கழுவியாச்சு. நல்லெண்ண ஊத்து."
நூற்று அறுபத்தெட்டு கிராம்.
மறுவாரம் இன்னொரு பாட்டில்.
"இது கடலெண்ணைக்கு."
"குடி கொறஞ்சபாடில்ல போல" என்றேன்.
"எண்ணச் செலவுந்தான்" என்றார்.

பேர் கேட்க மறந்த நாட்களில்
நோட்டில் எடைதான் பேர்.
நானூற்றுப் பன்னிரண்டு என்றால்
மேலப்பாளையத்து மைதீன் பாத்து,
கண்ணாடி ஹார்லிக்ஸ் பாட்டில், மூடி நெளிந்தது.
நூற்றுப் பத்து, ஐந்தாம் வகுப்பு அபினேஷ்.
ஜியாமெட்ரி பாக்ஸில்
அஞ்சு ரூபாய்க்குப் பொரிகடலை.
காம்பஸை எடுக்க மறந்து வந்தால்
நூற்று முப்பது.

எப்படி இந்த யோசனை வந்தது என்று
எல்லாரும் கேட்கிறார்கள்.
ஆற்றில் வெள்ளம் வடிந்த வாரம்
குறுக்குத்துறைப் பக்கம் போயிருந்தேன்.
மருத மரத்தில், ஆள் உயரத்துக்கும் மேலே,
கிழிந்த கவர்கள்
துவைத்துப் போட்டது மாதிரி காய்ந்துகொண்டிருந்தன.
ஒன்றில் மட்டும் கடைப்பேர் வாசிக்க முடிந்தது.
ஆறு வருஷம் நான் வேலை பார்த்த ஜவுளிக்கடை.
பில்லோடு சேர்த்து
நாளைக்கு முந்நூறு பேருக்கு
கவர் நீட்டிய கை
இதுதான்.

எதிரே டீக்கடை உச்சிமாகாளி
என்னைக் 'கவரில்லாக்கா' என்றே கூப்பிடுவார்.
போன மாசம் சிலேட்டில் எழுதித் தொங்கவிட்டார்:
தூக்குவாளி கொண்டுவந்தால்
பார்சலுக்கு ரெண்டு ரூபாய் குறைவு.
எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.
"நம்ம கடையப் பாத்து வச்சதா அண்ணாச்சி?"
"கவரு வெல ஏறிட்டுல்லா" என்றார்.

குப்பை வண்டி தள்ளும் பிரம்மசக்தி
ஒரு விடியலில் நின்று சொன்னாள்:
"ஒங்க தெரு மூட்டய இப்பம்
ஒத்தக் கையில தூக்குதேன்."
நான் பதில் தேடுவதற்குள்
"வியாழக்கிழம மட்டும். மத்த நாளு
பழையபடிதான்."
வண்டி போய்விட்டது.
வியாழக்கிழமையில் என்ன இருக்கிறது என்று
இன்னும் பிடிபடவில்லை.

லாபம் மாசம் ரெண்டாயிரத்துச் சொச்சம்.
வாடகையைக் கழிக்காமல் சொல்கிறேன்.

யாருக்கும் காட்டாதது பின்னறை.
உளுந்துச் சாக்குக்குள் பிளாஸ்டிக் உறை வருகிறது.
விருதுநகர் மொத்தக்கடையில் கெஞ்சிப் பார்த்தேன்.
"வண்டு விழுந்தா நீங்க பொறுப்பா?"
அதோடு சரி.
தூக்கிப் போட மனசில்லாமல்
மடித்து மடித்து அடுக்கியிருக்கிறேன்.
நேற்று ராத்திரி ஷட்டரை இறக்கியபின்
அத்தனையையும் தராசில் ஏற்றினேன்.
நாலு கிலோ அறுநூற்று இருபது.
நோட்டின் கடைசிப் பக்கத்தில்
என் பேரை எழுதி
எதிரே குறித்துவைத்தேன்.

காலையில் புதுசாக ஒருத்தி.
எவர்சில்வர் டிபன்பாக்ஸ்,
பேர் வெட்டியிருந்தது, அவள் பேர் இல்லை.
"வெறும் ஏனத்த எதுக்கு எட போடுதிய?"
"அதுக்குத் துட்டு வாங்கப்படாதுல்லா" என்றேன்.