பன்னிரண்டரை

கம்புஸ்தோன் மேட்டில் இந்த ஆண்டு
இருநூற்றுப் பதினேழு கதவுகள் எனக்கு.
மற்ற கதவுகளைத் தட்டக் கூடாது.
மழைக்கு ஒதுங்கினாலும்
வாயைத் திறக்காதே என்றாள்
நகரமன்றத்து மதாம் திஜூ.

பத்தாயிரம் தலைக்கு மேலிருக்கும் ஊரில்
ஆண்டுக்கு நூற்றில் எட்டு முகவரி, அவ்வளவுதான்.
சின்ன ஊர் என்றால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை,
ஒருவர் விடாமல். மலைமேல் சலாசியில் அப்படித்தான்,
நாய்களுக்கு மட்டுமே தாள் இல்லை.
சேந்த் ஆந்த்ரேவில் குலுக்கல்.
கரும்புக்குள் நுழைந்து காணாமல் போகும் பாதையை
ஒருநாளும் நடந்திராத கணினி ஒன்று
கைவிட்டு எடுத்துக் கொடுத்த பட்டியல் இது.

எட்டு என்றால், ஒரு வீடு
பன்னிரண்டரை வீட்டுக்காகப் பேசும்.
பயிற்சி நாளில் கை தூக்கினேன்:
அந்த அரை யார்?
சிரித்தார்கள். பிறகு காப்பி வந்தது.

ஜனவரிக் கடைசி. மொரிசியசுக்கு அப்பால்
ஒரு புயல் முடிவெடுக்காமல் நிற்கிறது.
தாள்களை அரிசிப் பையில் சுற்றி
மார்போடு அணைத்து நடக்கிறேன்,
பிள்ளையைப் போல என்று எழுத ஆசை,
உண்மையில் திருடிய கோழியைப் போல.

கூரை தகரமா காங்கிரீட்டா?
வெந்நீர் எதில் காய்கிறது?
ஓராண்டுக்கு முன், ஜனவரி முதல் நாள்,
எங்கே குடியிருந்தீர்கள்?
கேட்கலாம் இதெல்லாம்.
பாதத்தில் இன்னும் ஆறாத கொப்புளம்
எந்தத் தீமிதியில் வந்தது,
கனவில் எந்த மொழியில் திட்டுவீர்கள்
என்பதற்குக் கட்டம் இல்லை.
குடியரசு பாராதிருக்கக் கற்றுக்கொண்டது.
நானும் கண்ணைத் தாளிலேயே வைத்துக்கொள்கிறேன்.

உதவித்தொகை ஆபீஸிலிருந்தா என்றான் ஒருவன்,
சங்கிலியை எடுக்காமல்.
இல்லை, இது யாருக்கும் போகாது, சட்டம் என்றேன்.
வீட்டில் ஒரே ஆள் என்று எழுதிக் கொடுத்தான்.
சன்னல் குவளையில் இரண்டு பல்துலக்கிகள்,
ஒன்று ஊதா.
பல்துலக்கியை எண்ண எனக்கு அதிகாரம் இல்லை.
ஆக, பன்னிரண்டரை ஊதாப் பல்துலக்கிகள்
இந்த மேட்டிலிருந்து மறைந்து போயின.

அறுபத்தொன்றாம் எண் வீட்டில்
எலியான் பெர்மால்நாயக் கதவைத் திறந்தாள்.
பின்னால் இரவல் நாற்காலிகள்
ஒன்றின் மேலொன்றாய்,
திருப்பிக் கொடுக்கக் காத்து.
கஸ்தோன் சனிக்கிழமை போயிட்டார்.
அவரை எழுதணுமா, வேண்டாமா? நீயே சொல்லு.

விதிநூலில் பதில் இருந்தது.
கணக்கு நாள் வியாழன்.
வியாழக்கிழமை எங்கே இருந்தார்?
இங்கேதான். குழாயைப் பிரிச்சுப் போட்டார்,
பாதியிலே விட்டார்.
அப்படியானால் எழுதுங்கள்.

எழுதினாள். பெருமாள் நாயக்கரை
ஏதோ ஒரு துறைமுகத்து எழுத்தர்
காதில் விழுந்தபடி குறித்த அதே பெயரை,
ஓர் எழுத்தும் மாறாமல்.
பிறந்த நாள். படிப்பு. தொழில்: ஓய்வு.
பேனா ஓரிடத்தில் நின்றது:
‘தற்போது’ என்ற சொல்லில்.
வியாழனின் தற்போது என்றேன்.
தலையாட்டினாள்,
இத்தனை நாளில் யாரோ முதல்முறை
புரியும்படி ஆறுதல் சொன்னதைப் போல.

பதினொரு ஆண்டாகக் கதவு தட்டுகிறேன்.
என் முகவரி ஒருமுறையும் விழவில்லை.
பிறந்த இடம் காரைக்கால் என்று எழுத
நல்ல பேனா ஒன்று வைத்திருக்கிறேன்.
அதுவரை யாரோ ஒருவர்
எனக்காகவும் சேர்த்துத் தன் கூரையைச் சொல்கிறார்.

இரவு, எண்களை ஏற்றும்போது
கஸ்தோனின் எடை பன்னிரண்டரை.
நான் தட்டாத கதவுகளுக்குள்ளே
இந்நேரம் பன்னிரண்டு பேர்
ஒரு குழாயைப் பிரித்துப் போட்டுவிட்டு
திருகாணியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

சமையலறையில் சொட்டுகிறது.
போன மாதமே பார்த்திருக்க வேண்டியது.