கோர்த்தார்

ஆம்பூர். கட்டிங் செக்‌ஷன். டீ நேரம்.
அளவு அட்டையின் பின்புறம் எழுதிப் பார்க்கிறேன்:
கோர்த்தார்.
நமக்கு ஊசியும் நூலுமாய் வரும் சொல்,
ஸ்பானியத்தில் வெட்டுவதாம்.

வாலில் தொங்கும் 'ஆர்'
அதை நறுக்கிவிட்டு
ஓ தைத்தால் நான்.
ஆஸ் தைத்தால் நீ.
வெறும் ஆ,
அவனோ அவளோ.

"பொம்பளைக்குத் தனியா இல்லியா?"
பன்னை ஊறவைத்தபடி தௌலத்.
இல்லை.
முதலாளிக்கும் அதே ஆ.
அது அவளுக்குப் பிடித்துப்போனது.

செவ்வாய்க்கிழமை அலிக்காந்தேயிலிருந்து
ஆர்டர்காரர் வருகிறார்.
ஒத்திகை பார்க்கிறேன்:
கோர்த்தாமோஸ். வெட்டுகிறோம்.

நாமா, நாங்களா?

புத்தகத்தில் பிரிக்கவில்லை.
அந்த ஒரு சொல்லுக்குள்
தானும் இருக்கிறோமா என்று
அவருக்குத் தெரியப்போவதில்லை.

பெல் அடித்துவிட்டது.
டம்ளரைக் கவிழ்த்துவிட்டு தௌலத் சொன்னாள்:
"நாங்கதான். எழுது."