விலக்கப்பட்டவர்

கான்டனில், ஃபோர்டு சாலையில்,
நகப்பூச்சுக் கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவே
டெனீஸின் இன்சூரன்ஸ் அலுவலகம்.
மாதம் எழுநூற்று நாற்பத்திரண்டு டாலர் என்றாள்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மாட்டிக்கொண்டு
திரும்பவும் அதையே சொன்னாள்.

இது வீட்டுக்கடன் இல்லை.
பதினோரு வருடம் ஓடிய கார்,
ஒரு கதவு மட்டும் வேறு நிறம்.

மிச்சிகன் அப்படித்தான் என்றாள்.
அஞ்சல் எண்ணைப் பார்த்து விலை வைக்கக் கூடாது, சட்டம்.
ஆனால் வட்டாரம் என்று ஒன்று உண்டு.
என்னோடு வேலை பார்க்கும் டெரன்ஸ்
டெட்ராய்ட்டிலிருந்து வருகிறான்.
இருபது வருடத்தில் ஒரு கீறல் இல்லை.
பையன் சேருமுன் நான் கட்டியதைப் போல
இரண்டு மடங்கு கட்டுகிறான்.
வட்டாரம் என்றால் என்னவென்று
அவனுக்கு யாரும் விளக்க வேண்டாம்.

அப்புறம் கட்டாயமானவை.
நான் மோதி உடைக்கும் வேலிக்கு,
நிறுத்திவைத்த வண்டிக்கு
பத்து லட்சம் டாலர் வரை. குறைக்க வழியில்லை.
நான் மோதி உடைக்கும் மனிதருக்கு
ஐம்பதாயிரம் போதும்,
ஒரு படிவத்தில் கையெழுத்திட்டால்.
சரியாகத்தான் கேட்டேனா என்று இன்னொரு முறை கேட்டேன்.
'வேலிக்குத்தான் பத்து லட்சம்' என்று கையை விரித்தாள்,
சட்டத்தை எழுதியவள் தான் இல்லை என்பது போல.

பையனின் பேர் வந்தது.
அக்டோபரில் பக்கத்து வீட்டுத் தபால்பெட்டி.
ஜனவரியில் ஹாகர்ட்டி முனை, சிவப்பு விளக்கு.
பனிக்கட்டி என்றான் அவன்.
கைப்பேசி என்றது போலீஸ் அறிக்கை.
அந்தப் பெண்மணிக்கு ஆறு வாரம் கழுத்துப் பட்டை.
நானோ பிரேக் சோதனைக்கூடத்தில் பதினாறு வருடம்,
வண்டி நிற்கும் தூரத்தை அளந்து
சம்பளம் வாங்குகிறவன்.

'ஒரு வழி இருக்கு.'
குரலைத் தாழ்த்தினாள் டெனீஸ்.
இந்த வண்டியை ஓட்டக் கூடாதவர் என்று
அவன் பேரை எழுதிவிட்டால்
முந்நூற்றுப் பதினெட்டு.

எழுத்துக்கூட்டச் சொன்னாள். கூட்டினேன்.
பிறந்த ஆஸ்பத்திரியின் கைப்பட்டையில் ஓர் எழுத்து குறைவு,
பள்ளி வருகைப்பதிவில் செபாஸ்டியன்,
பல் மருத்துவரிடம் சாம்பியன்.
செம்பியன் என்று பிழையில்லாமல்
அவன் பேர் அச்சாகி நான் பார்த்தது
பத்தொன்பது வருடத்தில் அன்றுதான்,
விலக்கப்பட்டவர் என்ற கட்டத்துக்குள்.

கீழே தடித்த எழுத்தில் எச்சரிக்கை:
இவர் ஓட்டினால் காப்பீடு செல்லாது,
யாருக்கும் இல்லை.
யாருக்கும். வண்டிக்காரன் எனக்கும்.

பேனா எழுதவில்லை. வேறொன்று கொடுத்தாள்.

எழுந்தவனை உட்காரச் சொன்னாள்.
மருத்துவச் செலவு பாக்கியாம்.
இரண்டரை லட்சம், ஐந்து லட்சம்,
அல்லது வரம்பே இல்லாமல், ஆயுள் முழுக்க.
'என்கிட்ட வர்றவங்க பாதிப்பேர் இரண்டரைதான்.'
'யாருக்கெல்லாம் இது?'
'உங்களுக்கு, மனைவிக்கு,
ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற சொந்தங்களுக்கு.'
'அவனுக்கு?'
'ஓட்டாத வரைக்கும். பக்கத்து சீட்டுல, பின் சீட்டுல,
ரோட்டைக் கடக்கும்போதுகூட.'

வரம்பில்லாததைப் போடச் சொன்னேன்.
அவன் பேரை எழுதி மிச்சம் பிடித்ததில்
எண்பத்தேழு டாலர் அவனுக்கே திரும்பிப் போனது.
இதை அவனிடம் சொல்லவில்லை.
முதலாவதை மட்டும் சொன்னேன்.
சரி என்றான். சாவியை மேசைமேல் வைத்தான்.

விடியற்காலை நாலேமுக்கால், கிடங்கில் அவனுக்கு வேலை.
நான் வெளியே வருமுன்
கண்ணாடிப் பனியைச் சுரண்டி முடித்திருந்தான்,
இரண்டு பக்கமும்.
பழக்கத்தில் இடது கதவுவரை போய்
சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.
பெல்ட் மாட்டும் சத்தம் கேட்ட பிறகு எடுத்தேன்.

ஹாகர்ட்டி முனை. தூரத்தில் விளக்கு மஞ்சளானது.
நான் மிதிக்குமுன்பே
அவன் வலது கால்
பிரேக் இல்லாத தரைவிரிப்பை
அழுத்தி மிதித்தது.